தாத்தாவுக்குக் காசநோய்: ஓடியாடும் பிள்ளைக்கும் ஆறு மாதம் மாத்திரை தரச் சொல்கிறார்கள், தரலாமா?

ஜீப்புக்காரன், வண்டன்மேடு

எல்லாருக்கும் வணக்கம். கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப் ஓட்டுகிறேன். குடும்பம் கேரளாவில், வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில். ஒரு அறை, ஒரு அடுப்படி, ஆறு பேர்.

அப்பா ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்தும் வேலை பார்க்கிறார். நான்கு மாதமாக இருமல். ஸ்டோர் சூடும் புகையும்தான் காரணம் என்று நினைத்துவிட்டோம். மெடிக்கலில் டானிக் வாங்கிக் கொடுத்தேன். ஆள் உருகிப் போனதும்தான் கீழே கம்பத்துக்குக் கூட்டிப்போனேன். சளி சோதித்துக் காசநோய் என்று சொல்லிவிட்டார்கள். மருந்து ஆரம்பித்து ஐந்து நாள் ஆகிறது.

நேற்று இங்குள்ள ஆஷா சுகாதாரப் பணியாளர் சேச்சியும் நர்சும் வந்தார்கள். என் மகனுக்கு இரண்டரை வயது, மகளுக்கு ஏழு. இரண்டு பேரையும் பரிசோதனைக்குக் கூட்டி வரச் சொன்னார்கள். சின்னவனுக்கு நோய் இல்லாவிட்டாலும் ஆறு மாதம் தினமும் மாத்திரை தரவேண்டும் என்கிறார்கள். அவன் லயம் முழுக்க ஓடுகிறான். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை. அம்மா பிடிவாதமாக இருக்கிறார், "நோய் இல்லாத பிள்ளைக்கு எதுக்குடா மருந்து" என்று. நானும் குழம்பிப் போயிருக்கிறேன். அவன் தினமும் தாத்தா நெஞ்சின் மேல் படுத்துத்தான் தூங்குவான்.

இன்னொன்று. அப்பாவைத் தோட்டத்துப் பழைய ஷெட்டில் தனியாகப் படுக்க வைக்கலாமா, இல்லை பிள்ளைகளை உத்தமபாளையத்தில் அம்மாச்சி வீட்டுக்கு அனுப்பலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கூடலூர் அக்கா

தம்பி, காசநோய்ப் பிரிவில் பல வருடம் நர்சாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த மாத்திரையைக் கண்டிப்பாகக் கொடுங்கள். ஆனால் பிள்ளைக்கு இப்போது நோய் இல்லை என்று டாக்டர் பார்த்து உறுதி செய்த பிறகு கொடுங்கள். இந்த வரிசை மாறக்கூடாது.

கிருமி உடம்புக்குள் போவது வேறு, நோயாக எழும்புவது வேறு. அப்பா இருமும்போது காற்றில் மிதக்கும் கிருமியைத்தான் பிள்ளை மூச்சில் இழுக்கிறான். நான்கு மாதம், ஒரே அறை, இரவெல்லாம் நெஞ்சோடு நெஞ்சாக. கிருமி போயிருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. பெரியவர்கள் உடம்பு அதைப் பெரும்பாலும் அடக்கி வைத்துவிடும். கிருமி ஏறிய பெரியவர்களில் நூற்றுக்கு ஐந்திலிருந்து பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாக மாறும். சின்னப் பிள்ளைக்கு அந்தக் கட்டுப்பாடு இன்னும் வளரவில்லை. ஒரு வயதுக்குள் கிருமி ஏறி மருந்தும் தராமல் விட்டால் பாதிப் பேர் வரை நோயில் விழுவார்கள். வயது கூடக் கூட ஆபத்து குறையும், ஆனால் ஐந்து வயது வரை பயம் உண்டு. அதுவும் முதல் ஒரு வருடத்துக்குள்ளேயே பெரும்பாலும் வந்துவிடும். சின்னப் பிள்ளைக்கு வந்தால் நுரையீரலோடு நிற்காமல் மூளை உறைக்குப் போகலாம், ரத்தத்தில் கலந்து உடம்பெல்லாம் பரவலாம்.

உங்கள் அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: விதை விழுந்திருக்கிறது, இன்னும் முளைக்கவில்லை, முளைக்கும் முன்னே கருக்கிவிடுகிறோம். இப்படிச் சொன்னால் எத்தனையோ அப்பத்தாக்கள் புரிந்துகொண்டார்கள்.

அப்பாவை ஷெட்டில் போடாதீர்கள், தம்பி. அதைப் பற்றித் தனியாக எழுதுகிறேன்.

---

சாந்தம்பாறை

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. பிறந்தவுடன் காசநோய்க்கான பி.சி.ஜி. தடுப்பூசி போட்டாயிற்று, கையில் தழும்பு இருக்கிறது. அப்புறம் எதற்கு மாத்திரை? ஈரல் கெடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இப்போதே மருந்து கொடுத்தால் நாளைக்கு நிஜமாக நோய் வரும்போது மருந்து வேலை செய்யாமல் போகாதா? பயமுறுத்துவதற்காகக் கேட்கவில்லை. என் வீட்டிலும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள்.

---

குழந்தை மருத்துவர், கட்டப்பனை

சாந்தம்பாறை அண்ணன் கேட்ட மூன்றும் நான் தினமும் கேட்கும் கேள்விகள்தான்.

பி.சி.ஜி. நல்ல ஊசி. பச்சிளம் பிள்ளைகளுக்கு மூளைக்காய்ச்சலாக வரும் காசநோயையும் உடம்பெங்கும் பரவும் வகையையும் அது நன்றாகக் குறைக்கிறது. ஆனால் முழுக்கத் தடுப்பதில்லை. நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968-இல் தொடங்கி லட்சக்கணக்கானவர்களுக்கு ஊசி போட்டு, பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதுதான் முடிவு. ஊருக்குள் எங்கோ இருக்கும் நோய் வேறு, ஒரே பாயில் படுக்கும் நோய் வேறு. தழும்பு இருந்தாலும் மாத்திரை வேண்டும்.

ஈரல் பற்றி. ஐசோனியாசிட் என்ற அந்த மாத்திரை 1952-லிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஈரலைத் தாக்கலாம், உண்மைதான். பெரியவர்களோடு ஒப்பிட்டால் குழந்தைகளுக்கு இது அரிது. தொடர் வாந்தி, சாப்பாட்டையே பார்க்க மறுப்பது, கண் மஞ்சளாவது, சிறுநீர் கறுத்துப் போவது, இதில் ஏதாவது கண்டால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே வாருங்கள்.

மருந்து பலிக்காமல் போகுமா என்ற கேள்வி முக்கியமானது. நோய் எழும்பிய உடம்பில் கோடிக்கணக்கில் கிருமி இருக்கும். அங்கே ஒரே ஒரு மருந்து கொடுத்தால் தப்பிய கிருமி அந்த மருந்தைப் பழகிக்கொள்ளும். அதனால்தான் நோயாளிக்கு நான்கு மருந்து சேர்த்துத் தொடங்குகிறோம். நோய் இல்லாத பிள்ளை உடம்பில் கிருமி மிகக் கொஞ்சம், ஒரே மருந்து போதும். அக்கா "வரிசை மாறக்கூடாது" என்று சொன்னது இதற்காகத்தான். இரண்டு வாரம் தாண்டிய இருமல் அல்லது காய்ச்சல், மூன்று மாதமாக ஏறாத எடை, விளையாட்டில் சுணக்கம், கழுத்தில் கட்டி, இவற்றைப் பார்ப்போம். வசதி இருந்தால் நெஞ்சு எக்ஸ்ரேயும் எடுப்போம். சந்தேகம் வந்தால் மேற்கொண்டு சோதிப்போம். பிள்ளைகள் சளியைத் துப்ப மாட்டார்கள், விழுங்கிவிடுவார்கள். அதனால் காலையில் வெறும் வயிற்றில் இரைப்பை நீரை எடுத்துப் பார்ப்பதுண்டு. இப்போது மலத்திலிருந்தே கிருமியின் மரபணுவைக் கண்டுபிடிக்கும் முறையும் வந்துவிட்டது.

ஜீப்புக்காரர் தம்பிக்கு ஒரு வேலை. அப்பாவின் சளிப் பரிசோதனை முடிவில் மருந்துக்குக் கட்டுப்படும் கிருமியா இல்லையா என்று இருக்கும். அந்தத் தாளைப் படம் எடுத்துக்கொண்டு வாருங்கள். மருந்தை எதிர்க்கும் கிருமி என்றால் பிள்ளைக்கு இந்த மாத்திரை பயன்படாது, வேறு மருந்து யோசிக்க வேண்டும். இதைக் கேட்காமலே மாத்திரை வாங்கிப் போகிறவர்கள் நிறைய.

---

கூடலூர் அக்கா

ஷெட் விஷயத்துக்கு வருகிறேன்.

சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் காசநோய்க்கென்று ஓர் ஆராய்ச்சி மையம் தொடங்கினார்கள். இன்றைக்கும் இருக்கிறது, தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர். அதுவரை நோயாளியைச் சானடோரியத்தில் மாதக்கணக்கில் ஒதுக்கி வைப்பதுதான் வழக்கம். இவர்கள் ஒரு பகுதி நோயாளிகளை அங்கே அனுப்பினார்கள், மற்றவர்களை நெருக்கடியான ஏழை வீடுகளிலேயே வைத்து மருந்து கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வெளிவந்தது. வீட்டில் மருந்து எடுத்தவர்களும் அதே அளவு தேறினார்கள். குடும்பத்தாரைத் தொடர்ந்து பார்த்ததில், நோயாளி வீட்டிலேயே இருந்ததால் கூடுதலாக யாருக்கும் நோய் வரவில்லை. ஒட்ட வேண்டியது பெரும்பாலும் மருந்து தொடங்கும் முன்னேயே ஒட்டிவிடுகிறது. உலகம் முழுக்கச் சிகிச்சை முறையையே மாற்றிய ஆய்வு அது, நம் ஊரில் நடந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் பெருமையாக இருக்கும்.

அதனால் இப்போது அப்பாவை விரட்டுவதில் பிரயோஜனம் இல்லை. விரட்டினால் மாத்திரையை யார் பார்த்துக் கொடுப்பார்கள்? முதல் இரண்டு வாரம் கவனமாக இருங்கள். தாத்தா தனிப் பாயில், ஜன்னல் பக்கம் படுக்கட்டும். சாரல் அடிக்கிறது என்று லயத்து ஜன்னலைச் சாக்குப் போட்டு அடைத்திருப்பீர்கள், பகலில் அதை எடுத்துவிடுங்கள். பேசும்போது வாயில் துணியோ மாஸ்க்கோ இருக்கட்டும். பேரன் நெஞ்சில் படுப்பது மட்டும் கொஞ்ச நாள் வேண்டாம். தட்டு, டம்ளர், துணி எதையும் பிரிக்கத் தேவையில்லை, அதில் ஒட்டாது. தனித் தட்டு வைத்தால் அந்த மனுஷன் மனசு என்ன பாடுபடும்.

பிள்ளைகளை அம்மாச்சி வீட்டுக்கு அனுப்பினாலும் கிருமி அவர்களோடுதான் போகும். பரிசோதனையை முடித்து மாத்திரையைத் தொடங்கிவிட்டு எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள்.

---

பூப்பாறை அம்மா

இந்தப் பக்கத்தை மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

எங்கள் வீட்டில் என் கொழுந்தனுக்கு வந்தது. என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. ஒரு ஆஸ்பத்திரியில் அவருக்கு மருந்து கொடுத்தார்கள், வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை. பிறகு ஒரு நர்ஸ் வந்து மாத்திரை கொடுத்தார். இருபது நாள் கொடுத்தேன். "நல்லா இருக்கிற பிள்ளையைக் கெடுக்காதே" என்று எல்லாரும் சொன்னார்கள். நிறுத்திவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்து சுணங்கிக்கொண்டே இருந்தாள். லேசான காய்ச்சல், எப்போதும் தூக்கம், இடையிடையே வாந்தி. பல் முளைக்கிறது என்றார்கள், குடல் ஏற்றம் என்று எண்ணெய் தடவினார்கள். பத்தாவது நாள் கண் ஒரு பக்கமாகச் சொருகி வலிப்பு வந்தது. போடிமெட்டு இறங்கித் தேனிக்கு ஓடினோம். மூளைக்காய்ச்சல், காசநோய்க் கிருமிதான் என்றார்கள். ஒரு வருடம் மருந்து.

உயிரோடு இருக்கிறாள். இப்போது ஒன்பது வயது. இடது கால் இழுத்து நடப்பாள், ஒரு காது கேட்காது. நன்றாக வரைவாள்.

தம்பி, உங்கள் அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். வேண்டுமானால் நானே பேசுகிறேன்.

---

ஜீப்புக்காரன், வண்டன்மேடு

அக்கா, அம்மாவிடம் படித்துக் காட்டினேன். ஒன்றும் பேசவில்லை. காலையில் பார்த்தால் அவரே சின்னவனுக்குச் சட்டை போட்டுத் தயாராக நிற்கிறார்.

இரண்டு பிள்ளைகளுக்கும் எக்ஸ்ரே எடுத்தோம், சுத்தமாக இருக்கிறது. அப்பாவின் கிருமி மருந்துக்குக் கட்டுப்படும் வகைதான். சின்னவன் பத்தரை கிலோ. கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கில் நூறு மில்லிகிராம் மாத்திரை தினம் ஒன்று, எடை கூடினால் அளவும் மாறும் என்றார்கள். மகளுக்குக் கிருமி ஏறியிருக்கிறதா என்று பார்க்கக் கையில் ஊசி போட்டார்கள், இரண்டு நாள் கழித்து வந்து காட்ட வேண்டுமாம். காய் எடுப்பு நேரத்தில் மறுபடி ஒரு நாள் கூலி போகிறதே என்று மனைவி யோசித்தாள், நான் கூட்டிப்போய்க் காட்டினேன். தடித்திருந்தது. அவளுக்கு வாரம் ஒரு நாள் வீதம் 12 வாரத்துக்கு மாத்திரை.

சின்னவனுக்கு ஏன் அந்த ஊசி போடவில்லை?

---

குழந்தை மருத்துவர், கட்டப்பனை

ஐந்து வயதுக்குக் கீழே, வீட்டில் நுரையீரல் காசநோய் இருந்தால், அந்த ஊசியின் முடிவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. நோய் இல்லை என்று தெரிந்தாலே மாத்திரை தொடங்கலாம். கிருமி ஏறிய பிறகும் ஊசியில் தெரிய சில வாரம் ஆகும். தடிக்கவில்லை என்று நம்பி விட்டுவிட்டால் அந்தச் சில வாரத்திலேயே நோய் முந்திவிடும்.

மகளின் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும், அந்த வாராந்தர மருந்தில் உள்ள ரிஃபாபென்டின் செய்யும் வேலை அது. முன்கூட்டியே சொல்லிவையுங்கள், குழந்தை பயந்துவிடும்.

---

அங்கன்வாடி டீச்சர், குமுளி

சின்னவனுக்கு மாத்திரை கொடுக்கும் விதம் பற்றி எழுதுகிறேன், எனக்குக் கைவந்த வேலை. இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நொறுக்குங்கள். ஒரு ஸ்பூன் தண்ணீரில் கரைத்து, கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். பால் பாட்டிலில் கலக்க வேண்டாம், பாதி குடித்துவிட்டு வைத்துவிட்டால் எவ்வளவு மருந்து போனது என்று தெரியாது. தாத்தா தன் மாத்திரையைப் போடும் அதே நேரத்தில் பேரனுக்கும் கொடுங்கள். ஒருவர் மறந்தால் இன்னொருவர் ஞாபகப்படுத்துவார். காலண்டரில் தினமும் ஒரு கோடு போடுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் மையத்தில் ஒரு பிள்ளைக்கு மூன்று மாதமாக எடைக்கோடு படுத்தே கிடந்தது. காசநோய் என்று வந்ததும், மற்ற பிள்ளைகளின் அம்மாக்கள் அந்தக் குழந்தையைச் சேர்க்காதே என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். சின்னப் பிள்ளையிடமிருந்து பெரும்பாலும் பரவாது, அவர்களுக்குக் கிருமியும் கொஞ்சம், இருமும் பலமும் கொஞ்சம். பிள்ளைக்கு வந்திருக்கிறது என்றால் பக்கத்தில் பெரியவர் யாரோ இருமிக்கொண்டிருக்கிறார் என்றுதான் அர்த்தம். தேடியதில், அந்தப் பிள்ளையை மாலையில் பார்த்துக்கொண்ட பக்கத்து லயத்துப் பாட்டிக்கு இருந்தது. அந்தப் பாட்டி கையில் இன்னும் மூன்று பிள்ளைகள் வளர்ந்துகொண்டிருந்தார்கள். தோட்டத்தில் "வீடு" என்பது சுவருக்குள் முடிவதில்லை. பிள்ளை பகலில் யார் மடியில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும்.

---

சாந்தம்பாறை

டாக்டர், அக்கா, பொறுமையாகப் பதில் சொன்னதற்கு நன்றி. என் பெரியப்பாவுக்குப் போன வருடம் கழுத்துக் கட்டியில் காசநோய் என்று மருந்து எடுத்தார். அப்போது பிள்ளைகளுக்கு ஒன்றும் பார்க்கவில்லை. தவறா?

---

கூடலூர் அக்கா

கழுத்துக் கட்டி மட்டும் என்றால் அது இருமலில் பரவாது, தம்பி. அவருக்கு நெஞ்சில் இல்லை என்று பார்த்திருந்தால் கவலை வேண்டாம். பிள்ளைகளுக்கு எடை நன்றாக ஏறுகிறதா என்று மட்டும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

---

ஜீப்புக்காரன், வண்டன்மேடு

இரண்டரை மாதம் கழித்து எழுதுகிறேன்.

நடுவில் ஒரு சிக்கல். பள்ளி விடுமுறைக்கு மனைவியும் பிள்ளைகளும் உத்தமபாளையம் போய்விட்டார்கள். சின்னவனின் மாத்திரை தீர்ந்தது. ஒரு இடத்தில் கேட்டால் "கேரளாவில் பதிந்தது, அங்கேயே வாங்குங்கள்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நான்கு நாள் விட்டுப்போனது. இனி முதலிலிருந்து தொடங்க வேண்டுமா? ஒருமுறை குடித்தவுடன் வாந்தியும் எடுத்தான்.

---

கூடலூர் அக்கா

நான்கு நாள்தானே, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். இரட்டை மாத்திரை கொடுத்து ஈடு கட்ட வேண்டாம், விட்ட நாள்களைக் கடைசியில் சேர்த்துக் கொடுத்தால் போதும். நர்சிடம் மட்டும் சொல்லிவிடுங்கள். குடித்த உடனே வாந்தியில் மாத்திரை அப்படியே வந்திருந்தால் மறுபடி கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மலைக்கு மேலும் கீழும் அலைகிற நம் ஜனங்களுக்கு இது எப்போதும் நடக்கிறது, எனக்கு மனசு கொதிக்கும். ஒரு செக்போஸ்ட் தாண்டினால் பிள்ளை வேறு பிள்ளையா ஆகிவிடும்? காசநோய் மருந்து எடுப்பவர்களை அரசு பதிந்து தரும் நிக்‌ஷய் எண் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். அந்த எண்ணைச் சொன்னால் எந்த மாநிலத்திலும் மாற்றிப் பதிந்து மருந்து தர வழி இருக்கிறது. அப்பாவின் எண், இரண்டு பிள்ளைகளின் எண், மூன்றையும் போனில் எழுதி வையுங்கள். தர மறுத்தால் காசநோய்க்கான அரசு உதவி எண் 1800 11 6666-க்கு அடியுங்கள், கட்டணம் கிடையாது. ஊர் மாறும் முன்பே ஒரு மாத மருந்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அப்பாவின் பேங்க் கணக்கைக் கொடுத்தீர்களா? ஊட்டச்சத்துக்காக அரசிடமிருந்து மாதம் 500 ரூபாய் வந்துகொண்டிருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1000 ஆக்கியிருக்கிறார்கள். அதை அவருக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். ஜார்க்கண்டில் நோயாளி வீட்டார் எல்லாருக்கும் அரிசி, பருப்பு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2023-இல் வந்தது. அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்திருந்தது. பருப்பும் முட்டையும் வெறும் சாப்பாடு இல்லை, தம்பி. சின்னவன் தட்டில் தினமும் ஒரு முட்டை விழட்டும்.

---

ஜீப்புக்காரன், வண்டன்மேடு

அந்த எண்ணுக்கு அடித்தேன், மறுநாள் உத்தமபாளையத்திலேயே மாத்திரை கிடைத்தது. சின்னவன் பதினொன்றரை கிலோ. மகளுக்கு 12 வாரமும் முடியப்போகிறது. அப்பாவுக்கு இரண்டாம் மாதச் சளியில் கிருமி இல்லை. அன்று ராத்திரி பேரனைத் தூக்கிப் பக்கத்தில் போட்டுக்கொண்டார், யாரும் தடுக்கவில்லை.

---

புத்தடி மாமா

புதிதாக வந்திருக்கிறேன், இந்த இழையைத் தேடிப் படித்தேன். என் தங்கச்சிக்குப் பிரசவமாகி இருபது நாள். கர்ப்பத்திலிருந்தே இருமல். இன்றைக்குச் சளியில் காசநோய் என்று சொல்லி மருந்து கொடுத்திருக்கிறார்கள். குழந்தையைப் பிரித்து வைக்க வேண்டும், தாய்ப்பால் கூடாது என்று வீட்டில் எல்லாரும் சொல்கிறார்கள். பவுடர் பால் வாங்கப் போய்க்கொண்டிருக்கிறேன். என்ன செய்வது?

---

குழந்தை மருத்துவர், கட்டப்பனை

பவுடர் பால் வேண்டாம். தாய்ப்பால் வழியாகக் கிருமி போகாது, அந்த மருந்து எடுத்துக்கொண்டே தாராளமாகப் பால் கொடுக்கலாம். கொடுக்கும்போது மாஸ்க் போடட்டும், அறையில் காற்று ஓடட்டும். ஆனால் குழந்தையை நாளைக்கே காட்ட வேண்டும், நாள் கடத்தாதீர்கள். இந்த வயதில்தான் ஆபத்து மிக அதிகம். கர்ப்பத்திலேயே கிருமி போயிருக்கிறதா என்று முழுதாகப் பார்ப்பார்கள். நோய் இல்லை என்றால் தடுப்பு மாத்திரை தொடங்குவார்கள். பி.சி.ஜி. இன்னும் போடவில்லை என்றால், மாத்திரை முடிந்த பிறகு போடுவதா என்று அவர்களே சொல்வார்கள். பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ மூச்சு வாங்கினாலோ இன்று இரவே கிளம்புங்கள்.

---

புத்தடி மாமா

பால் நன்றாகக் குடிக்கிறான். கீழே கூட்டிப்போகத்தான் வண்டி இல்லை, முதல் பஸ்ஸில் பச்சைப் பிள்ளையோடு நெருக்கிக்கொண்டு போக பயமாக இருக்கிறது.

---

ஜீப்புக்காரன், வண்டன்மேடு

மாமா, காலையில் ஆள் இறக்கிவிட்டு எட்டு மணிக்கு ஜீப் காலியாகத்தான் கம்பம் இறங்கும். புத்தடி ஜங்ஷனில் நில்லுங்கள், தார்ப்பாயைச் சுருட்டிவிட்டுக் காற்று வர ஓட்டுகிறேன். அம்மாவும் கூட வருகிறேன் என்கிறார், பிள்ளையை வைத்துக்கொள்ள. தங்கச்சியின் சளிப் பரிசோதனைத் தாளை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.